காத்திருப்பதற்கும் கூலி உண்டு

தீயணைப்பு வண்டியோ, அவசர மருத்துவ ஊர்தியோ நம் வாசலுக்கு வந்து நிற்கும்போது நாம் அதற்குப் பணம் கொடுப்பதில்லை. 101 என்ற எண்ணையோ 108 என்ற எண்ணையோ அழைக்கிறோம், வருகிறார்கள், கடமையைச் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். கையிலிருந்து காசு கழியாத காரணத்தால், இதற்குச் செலவே இல்லை என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். வண்டி வரத் தாமதமானால் கோபம் கொள்கிறோம். வராமலே போனால் அரசாங்கத்தைக் குறை கூறுகிறோம். அந்த வண்டி யாருடைய பணத்தால் ஓடுகிறது, அந்தப் பணம் போதுமானதா, அதில் நமது பொறுப்பு யாது என்ற கேள்விகளை மட்டும் கேட்பதில்லை. அங்கத்தினர்கள் அவற்றைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கூட்டுறவுச் சங்கத்துக்கும் தீயணைப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். ஆண்டிபட்டி வட்டாரத்தில் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நெசவாளியின் வீடே அவருடைய தொழிற்கூடம். அடுப்புக்கும் தறிக்கும் இடையே இருப்பது ஒற்றைச் சுவர். தறியில் ஏறியிருக்கும் பாவு சங்கத்தின் நூல். அது எரிந்தால் குடும்பத்தின் பிழைப்போடு சங்கத்தின் முதலும் எரிகிறது. போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவம் பஞ்சு சேமிக்கும் கிடங்குகள் உண்டு. ஒரு பொறி விழுந்தால் நொடியில் பற்றும் பொருள் அது. இலவங்காய் வெடிக்கும் பங்குனி, சித்திரைதான் மலைச்சரிவுகளில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலமுமாகும். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் பெண்கள் நம் அங்கத்தினர் குடும்பத்தவர். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18. இத்தகைய பூமியில் வாழும் நமக்குத் தீயும் விபத்தும் தூரத்துச் செய்திகள் அல்ல.

செலவு எங்கே இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இப்பணிகளில் பெருஞ்செலவு வண்டி ஓடும்போது ஆவதன்று. வண்டி நிற்கும்போது ஆவது. டீசல் விலை சிறியது. எந்த நேரத்தில் மணி அடித்தாலும் புறப்படத் தயாராக ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதுதான் பெரிய செலவு.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்தில் 48 மணி நேரம் பணி செய்வதாகக் கொண்டால், ஓர் இருக்கை எப்போதும் காலியாகாமல் இருக்க மூன்றரை ஆட்கள் தேவை. விடுப்பும் நோயும் பயிற்சியும் சேர்ந்தால் நான்கு பேர். அவசர மருத்துவ ஊர்தியில் ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர் என இரண்டு இருக்கைகள்; எனவே ஒரு வண்டிக்கு எட்டுப் பேர். தீயணைப்பு வண்டியில் ஐவர் ஏறுவதாகக் கொண்டால் இருபது பேர். இந்த எண்ணிக்கையைக் குறைத்தால் அந்த மணி நேரங்கள் மறைந்துபோவதில்லை. இருப்பவர்களின் தோள்மேல் ஏறுகின்றன. தூங்காத கண்களுடன் மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவரிடம் நம் உயிரை ஒப்படைக்கிறோம் என்பதே அதன் பொருள்.

தறி நின்றால் கூலி நின்றது என்பது நெசவுத் தொழிலின் கடுமையான வழக்கம். அந்த அளவுகோல் இங்கே செல்லாது. ஒரு மாதம் முழுதும் தீயே பிடிக்கவில்லை என்றால், தீயணைப்பு வீரருக்கு வேலையில்லை என்று சொல்லலாகாது. அந்த மாதம் முழுதும் அவர் காத்திருந்தார். காத்திருத்தலே அவர் செய்த வேலை. உழவர்களுக்கு இது புதிதன்று. கண்மாய்ப் பாசனத்தில் மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சிக்கு அறுவடைக் களத்தில் ஆயக்கட்டுதாரர் அனைவரும் நெல் அளந்தார்கள். எத்தனை முறை என் வயலுக்கு வந்தாய் என்று கணக்குப் பார்த்து அளக்கவில்லை; இரவும் பகலும் நீரைக் காத்ததற்காக அளந்தார்கள்.

இன்று யார் கொடுக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் தீயணைப்பு மீட்புப் பணிகள் மாநில அரசாங்கத்தின் துறையாகும். சட்டமன்றம் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையை நிறைவேற்றிப் பணம் ஒதுக்குகிறது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தீயணைப்பை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் சேர்த்தது. மும்பையில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. நம் மாநிலத்தில் அது மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது. இதில் ஒரு நன்மை உண்டு: வரி வருமானம் குறைந்த பேரூராட்சியும், வளம் மிக்க மாநகராட்சியும் ஒரே துறையின் பாதுகாப்பைப் பெறுகின்றன. ஒரு தீமையும் உண்டு: பணம் எங்கோ தலைநகரில் ஒதுக்கப்படுவதால், உள்ளூரில் உள்ள நாம் அதைப் பற்றிச் சிந்திப்பதே இல்லை.

மத்திய அரசாங்கமும் ஒரு பங்கு தருகிறது. பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரையைப் பின்பற்றி, மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனமாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று 2023ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் பங்காக 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. நிலையங்களும் கருவிகளும் பயிற்சிக் கூடங்களும் இதனால் பெருகும். ஆனால் அந்த நிலையங்களில் உட்காரும் மனிதரின் மாதச் சம்பளம் மாநிலத்தின் வருவாயிலிருந்தே வர வேண்டும்.

108 சேவையின் வரலாறு நமக்கு இன்னொரு பாடம். அதை நடத்தும் அவசரநிலை மேலாண்மை ஆய்வு நிறுவனம் 2005ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ஒரு தொழிலதிபரின் கொடையைத் துணையாகக் கொண்டு தோன்றியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் சேவை தொடங்கியது. 2009 ஜனவரியில் அந்தத் தொழிலதிபரின் சத்யம் கம்பெனி கணக்கு மோசடியால் நிலைகுலைந்தது. பின்னர் வேறொரு தொழில் குழுமம் பொறுப்பேற்றது. இவ்வளவு குழப்பத்திலும் வண்டிகள் ஓடியதற்குக் காரணம், நடைமுறைச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கங்கள் ஒப்பந்தப்படி ஏற்றிருந்தமையே. கொடையாளி வீழ்ந்தார், பொதுப்பணம் தாங்கியது. இன்று மாநிலமெங்கும் 1,300க்கும் மேற்பட்ட ஊர்திகள் ஓடும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. இதற்குத் தேசிய நலவாழ்வு இயக்கமும் துணை செய்கிறது. அவ்வியக்கத்தின் நிதியை மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும் 60க்கு 40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசாங்கமே ஏற்க வழி செய்தது. ஊர்தியில் ஏற்றுவதோடு பொறுப்பு முடியவில்லை என்பதை ஒப்புக்கொண்ட நல்ல ஏற்பாடு அது.

மற்ற நாடுகள் கண்ட அனுபவம்

இலவசமாகத் தருவது சரிதானா, பயன்படுத்துபவரிடமே வாங்கினால் என்ன என்று கேட்போர் உண்டு. உலகம் இவற்றையெல்லாம் செய்து பார்த்திருக்கிறது.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் லண்டன் நகரில் காப்புறுதிக் கம்பெனிகள் தங்கள் சொந்தத் தீயணைப்புப் படைகளை வைத்தன. 1833இல் அப்படைகள் ஒன்றாக இணைந்தன. 1861இல் தூலி தெருவில் ஆற்றங்கரைக் கிடங்குகள் பற்றி எரிந்து, படைத் தலைவரே உயிரிழந்தார். இனி இச்சுமையைத் தாங்க இயலாது என்று கம்பெனிகள் அரசாங்கத்திடம் கூறின. 1865இல் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு முதல் தீயணைப்பு பொதுப் பணியாயிற்று. வீட்டு வரியோடு ஒரு சிறு தொகை, காப்புறுதிக் கம்பெனிகளின் பங்கு, அரசாங்கத்தின் மானியம் என மூன்றும் சேர்ந்து அதைத் தாங்கின.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு கிராமப்புறப் பகுதிக்கு அருகிலுள்ள சிறு நகரம் தீயணைப்புச் சேவை அளித்து வந்தது. நகர எல்லைக்கு வெளியே இருப்போர் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்ட வேண்டும். 2010ஆம் ஆண்டு, சந்தா கட்டாத ஒருவரின் வீடு பற்றிக்கொண்டது. வண்டி வந்தது, சந்தா கட்டிய பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் காத்தது, அந்த வீடு எரிந்து தீர்வதைப் பார்த்து நின்றது. அப்போதே பணம் தருகிறேன் என்று வீட்டுக்காரர் கூறியும் ஏற்கவில்லை. விதியின் கண்கொண்டு பார்த்தால் அவர்கள் செய்தது தவறன்று. எரியும்போது பணம் தந்தால் போதும் என்றால், எரியாதபோது எவரும் தரமாட்டார். காத்திருப்போருக்குச் சம்பளம் இராது. ஆனால் மனிதர் எதற்காக ஊராகக் கூடி வாழ்கிறார்களோ அந்த நோக்கமே அங்கே எரிந்துபோயிற்று. தவறு வீரர்களிடம் இல்லை. சந்தா முறையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காப்புறுதிக் கட்டணத்தோடு தீயணைப்புக் கட்டணத்தையும் வசூலித்தார்கள். காப்புறுதி செய்தவர் சுமந்தார். செய்யாதவர் சுமக்காமல் பயன் பெற்றார். 2009 பிப்ரவரியில் காட்டுத்தீயில் 173 பேர் மாண்ட பின் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பரிந்துரையை ஏற்று 2013 முதல் நிலம், வீடு உடைய அனைவரிடமும் சொத்தின் அளவுக்கேற்ப வசூலிக்கும் முறைக்கு மாறினார்கள்.

மூன்று நாடுகளின் அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகிறது. வாசலில் நின்று விலை பேசும் முறை தோற்றது. முன்யோசனை உள்ளவர் மட்டும் சுமக்கும் முறையும் தோற்றது. இயன்றவர் இயன்ற அளவு கொடுத்து, தேவைப்பட்டவர் தேவைப்பட்ட அளவு பெறும் முறையே நிலைத்தது. ஐயா, அம்மா, இதற்குக் கூட்டுறவு என்பதன்றி வேறு பெயர் உண்டா? தீயணைப்பும் அவசர மருத்துவமும் பொது வரியிலிருந்து நடப்பதும், அழைப்பவரிடம் காசு கேளாமல் இருப்பதும் நமக்குக் கிடைத்த சலுகையன்று, சரியான ஏற்பாடு. அதை எந்தக் காலத்திலும் நாம் விட்டுக்கொடுத்தலாகாது.

முதல் இருபது நிமிடம்

அப்படியானால் எல்லாவற்றையும் அரசாங்கத்திடம் விட்டுவிட்டு நாம் வாளாவிருக்கலாமா? கூடாது. ஊரகப் பகுதியில் தீயணைப்பு வண்டி 20 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது தீயணைப்புக்கான தேசிய ஆலோசனைக் குழு வகுத்த அளவு. சமவெளியிலேயே அது எளிதன்று. வருசநாட்டுக்கு அப்பாலுள்ள மலைக்கிராமங்களுக்கும் மேகமலைத் தோட்டங்களுக்கும் எந்த நகரத்திலிருந்து எவ்வளவு விரைவாகப் புறப்பட்டாலும் அந்த நேரத்துக்குள் வர முடியாது. எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் மலை குட்டையாகப் போவதில்லை.

2018 மார்ச் 11ஆம் நாள் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் நடந்ததை இந்த மாவட்டத்தார் மறக்க முடியாது. மலையேற்றத்துக்கு வந்த இளைஞரும் பெண்களும் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அரசாங்கத்தின் பல துறைகளும் வந்தன. விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் அவர்களெல்லாம் வந்து சேருமுன் புகைக்குள் ஏறிச் சென்றவர்கள் அந்த மலைக்கிராமத்து மக்களும் தோட்டத் தொழிலாளரும்தாம். அவர்களிடம் துணிவு இருந்தது, பாதை தெரிந்திருந்தது. தீக்காயத்துக்குரிய முதலுதவிப் பொருள்களும், தூக்குப் படுக்கைகளும், பயிற்சியும் அத்தகையோரிடம் முன்கூட்டியே இருக்கச் செய்வது யாருடைய பொறுப்பு என்பதே கேள்வி.

முதல் இருபது நிமிடம் உள்ளூருக்கு உரியது. அதற்கான செலவையும் உள்ளூர்தான் ஏற்க வேண்டும். நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கண்மாய்க் கரை உடையும் அபாயம் வந்தால் தமுக்கு அடித்து ஊரைக் கூட்டுவது குடிமராமத்துக் காலத்து வழக்கம். 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ள ஆபத்தில் ஊராரைக் கரை காக்க அழைக்கலாம் என்றதோடு, அவ்வாறு வந்தவருக்குக் கூலி தரவும் விதித்தது. கட்டாயத்தை நாம் விரும்பவில்லை. ஆனால் ஆபத்துக்கு வருபவருக்கு ஊர் கடமைப்பட்டது என்ற நீதி அதில் இருந்தது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, வண்டி வாங்கித் தருவதில் உள்ள மயக்கத்தை விட வேண்டும். பாராளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தும், செல்வர்களின் நன்கொடையிலிருந்தும் ஆம்புலன்ஸ் வாங்கலாம். வண்டி வரும் நாளில் மாலை உண்டு, படம் உண்டு. ஓட்டுநரின் மாதச் சம்பளத்துக்கு மாலையும் இல்லை, படமும் இல்லை. எட்டுப் பேர் தேவைப்படும் வண்டிக்கு இரண்டு பேரை வைத்து ஓட்டத் தொடங்கி, இரண்டே ஆண்டில் டயர் தேய்ந்து கொட்டகையில் நிற்கவிட்டால் அந்தப் பணம் யாருக்குப் பயன்? எந்தச் சங்கமாவது வண்டி வழங்க எண்ணினால், ஐந்தாண்டு நடைமுறைச் செலவைத் தனியே வைப்பாகப் போட்ட பின்னரே வழங்குவது என்று பொதுப்பேரவையில் தீர்மானம் செய்தல் நன்று. அது இயலாவிடில் வண்டி எண்ணத்தைக் கைவிடுவதே நேர்மை.

இரண்டாவது, நம் அளவறிந்து செயல்பட வேண்டும். 500 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் ஆளுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதனால் ஓர் ஊர்தியை ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. ஆனால் தறிக்குழிகள் நெருங்கிய தெருக்களில் தீயணைப்புக் கருவிகள் சிலவற்றை மாட்டலாம். அவற்றை ஆண்டுதோறும் சோதித்து நிரப்பலாம். ஒரு தூக்குப் படுக்கையும் முதலுதவிப் பெட்டியும் வைக்கலாம். பத்து இளைஞரையும் பத்துப் பெண்களையும் பயிற்சிக்கு அனுப்பி, அந்த நாளின் கூலியை ஈடு செய்யலாம். கூலி இழந்து பயிற்சிக்கு வா என்று ஏழை நெசவாளியிடம் சொல்வது அறமாகாது. சங்கத்தின் இலாபத்தில் பொதுநல நிதிக்கென ஒதுக்கும் தொகைக்கு இதைவிடத் தக்க வழி எது? 1995ஆம் ஆண்டு மான்செஸ்டரில் கூடிய அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டணி, சமுதாயத்தின்பால் அக்கறை கொள்வதைக் கூட்டுறவுக் கொள்கைகளில் ஏழாவதாகச் சேர்த்தது. அக்கொள்கை வரவு செலவுக் கணக்கில் ஓர் இனமாக எழுதப்பட்டால்தான் பொருள் பெறும்.

மூன்றாவது, அபாயம் மிகுந்த பொருளைச் சேமிப்பவர் அதற்கேற்ப மிகுதியாகச் சுமக்க வேண்டும். நூல் கிடங்கு, பஞ்சுக் கிடங்கு, ஏலக்காய் உலர்த்தும் கூடம் முதலியவற்றை உடையவர்கள் தண்ணீர்த் தொட்டியும் மின்கம்பிப் பரிசோதனையும் தங்கள் செலவில் செய்தல் முறை. இதைப் பிறரிடம் கேட்குமுன் நம் சங்கக் கிடங்குகளில் நாமே செய்து காட்டுவோம்.

நான்காவது, கிராம சபையைப் பயன்படுத்த வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் சபையில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து தீயணைப்பு வண்டி நீர் நிரப்பக் குழாய் உண்டா, வண்டி நுழையும் அகலத்தில் தெரு இருக்கிறதா, கோடையில் எந்தக் கிணறு வற்றாது என்பவற்றைக் கேட்டுத் தீர்மானம் எழுத வேண்டும். ஊராட்சியின் வீட்டு வரியிலிருந்து இதற்குச் சிறு தொகை ஒதுக்கக் கோரலாம். வீட்டு வரியை நாம் பாக்கி வைத்துவிட்டு ஊராட்சியை ஏசுவது அழகன்று.

ஒரு மறுப்புக்கு விடை

வரியும் கட்டி, சந்தாவும் கட்டுவதா. மக்கள் தாமே செய்துகொள்கிறார்கள் என்று அரசாங்கம் கையைக் கழுவிவிடாதா என்று ஓர் அங்கத்தினர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. நம் உதவி அரசாங்கத்தின் கடமைக்கு மாற்றாக ஆகிவிடக்கூடாது. எனவே கொடுப்பதோடு கேட்கவும் வேண்டும். நம் வட்டாரத் தீயணைப்பு நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, 108 ஊர்தி நம் ஊருக்கு வர எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு என்ற விவரங்களை ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் கோரிப் பெற்று, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பணியிடம் காலியாக இருந்தால் சட்டமன்ற உறுப்பினரிடம் முறையிடுவோம். தன் பங்கைச் செலுத்திவிட்டுக் கேட்பவனின் குரலுக்குக் கனம் உண்டு என்பதைப் பங்குத்தொகை கட்டிய ஒவ்வோர் அங்கத்தினரும் அறிவார்.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டத் தொடங்குபவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆனால் எரியாத காலத்தில் கிணற்றுக்குப் பணம் கேட்டால் அதே ஊர் முகம் சுளிக்கும். இந்தப் பழக்கத்தை மாற்றுவதே கூட்டுறவாளர் பணி. நம் சங்கங்கள் சேமநிதி வைக்கின்றனவே, நட்டம் வந்த பிறகா வைக்கின்றன? இலாபம் உள்ள ஆண்டில், நட்டத்தை எண்ணி வைக்கின்றன. உயிருக்கும் அத்தகைய சேமநிதி வேண்டும். பங்குனி பிறக்குமுன் வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஒரு தொகையையும் ஒரு பொறுப்பாளரையும் முடிவு செய்யுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.